அமெரிக்க ராணுவக் களக் கையேடுகளைச் சரியாகத் தேடி எடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தேடுபொறியில் பெயரை அடித்து, முதலில் வந்த பிடிஎஃப்பை இறக்கி, அதிலிருந்து நாலு பத்தி எடுத்துக் கட்டுரையும் எழுதி முடித்த பிறகு, அந்த நூல் எப்போதோ ரத்தாகிவிட்டது என்று யாரோ சொல்லித் தெரிந்துகொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அமெரிக்க ராணுவம் தன் களக் கையேடுகளிலும் போர்க்கோட்பாட்டு நூல்களிலும் பலவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்தே வைத்திருக்கிறது. காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம். எடுப்பது சுலபம். எடுத்தது எந்த நூல், எந்த வருடத்துப் பதிப்பு, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்து எடுப்பதற்குத்தான் ஒரு வரிசை தேவைப்படுகிறது. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். முக்கியமாக 5, 6 இரண்டையும் முடிக்காமல் நூலுக்குள் போகாதீர்கள்.

1. தேடும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "ராணுவம் வரைபடம் படிக்க எப்படிக் கற்றுத்தருகிறது" என்பது ஒரு கேள்வி, "இரண்டாம் உலகப் போரில் எப்படிக் கற்றுத்தந்தது" என்பது வேறு கேள்வி. முதலாவதுக்கு இன்று நடப்பில் உள்ள பதிப்பு வேண்டும், இரண்டாவதுக்கு ரத்தான பதிப்புதான் வேண்டும். இதை முடிவு செய்யாமல் தேட ஆரம்பித்தால் இரண்டும் கலந்து வரும், எது எதற்கு என்று பிறகு பிரிக்க முடியாது.

அடுத்தது ஒரு குறிப்பேடு, அல்லது எக்செல் தாள். ஏழு பத்திகள் போதும்: நூல் எண், தேதி, தலைப்பு, நடப்பா ரத்தா, விநியோகக் குறிப்பு (நூலை யாருக்கெல்லாம் தரலாம் என்பது), எங்கிருந்து எடுத்தது, எடுத்த நாள். கடைசிப் பத்தி எதற்கு என்று பலரும் கேட்பார்கள். இன்று நடப்பில் இருக்கும் நூல் அடுத்த மாதம் மாற்றப்படலாம். நீங்கள் பார்த்த நாளில் அது நடப்பில் இருந்தது என்று சொல்ல அந்த ஒரு தேதிதான் ஆதாரம்.

2. நூல் வகைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும் "ஆர்மி மேனுவல்" என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அவர்களிடம் அது பல அடுக்கு. மேலே இருப்பது ராணுவக் கோட்பாட்டு நூல், அடிப்படைக் கொள்கைகளைச் சொல்லும், பெரும்பாலும் மெலிதாக இருக்கும். அதற்குக் கீழே களக் கையேடு, அதாவது எஃப்.எம்.; கொள்கையைப் போர்க்களத்தில் எப்படி நடைமுறைப்படுத்துவது என்று விரிவாகச் சொல்வது. அதற்கும் கீழே நுட்ப நூல், குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும் வழிமுறைகளுக்கானது. இவை தவிர பயிற்சிச் சுற்றறிக்கை (டி.சி.), கருவிகளுக்கான தொழில்நுட்பக் கையேடு (டி.எம்.), ராணுவ விதிமுறை (ஏ.ஆர்.) எல்லாம் தனித்தனி.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கோட்பாட்டு நூலின் சுருக்கப் பெயரும் நுட்ப நூலின் சுருக்கப் பெயரும் நம் எழுத்தில் ஒன்றேபோல் "ஏ.டி.பி." என்றுதான் வரும். ஆங்கிலத்தில் நடு எழுத்து வேறு. ஒன்றில் அது "டாக்ட்ரின்" என்பதன் முதல் எழுத்து, மற்றதில் "டெக்னிக்ஸ்" என்பதன் முதல் எழுத்து. தேடும் பெட்டியில் இதை மாற்றி அடித்துவிட்டு "அந்த எண்ணில் நூலே இல்லை" என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. அதனால் என் குறிப்புகளில் நான் சுருக்கத்தையே எழுதுவதில்லை, கோட்பாட்டு நூல், நுட்ப நூல் என்று முழுதாகவே எழுதுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

விதிமுறைக்கும் கோட்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். விதிமுறை கட்டளை மாதிரி, பின்பற்றியே ஆக வேண்டும். கோட்பாடு அதிகாரபூர்வமானதுதான், ஆனால் அதைப் பயன்படுத்தும்போது சூழ்நிலைக்கு ஏற்பத் தளபதி யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்று அந்த நூல்களே சொல்கின்றன. "கையேட்டில் இருக்கிறது, அதனால் அப்படித்தான் நடந்திருக்கும்" என்று எழுதுவது இதைப் புரிந்துகொள்ளாததால் வரும் தவறு.

3. எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எஃப்.எம். 3-0, எஃப்.எம். 2-22.3 மாதிரியான எண்களில் முதல் இலக்கம் துறையைக் காட்டுகிறது. 2 உளவு, 3 போர் நடவடிக்கை, 4 வழங்கலும் பராமரிப்பும், 5 திட்டமிடல், 6 தலைமையும் கட்டளையும், 7 பயிற்சி. சிறுகோட்டுக்குப் பின்னால் வருவது அந்தத் துறைக்குள் நூலின் இடம்.

பழைய நூல்களில் இந்த முறை இருக்காது. அப்போது 21 என்று தொடங்கினால் தனிப் படைவீரருக்கானது, 34 உளவு, 100 பெரிய அளவிலான போர் நடவடிக்கை. போர் நடவடிக்கைக்கான தலையாய கையேடு பல பதிப்புகளாக எஃப்.எம். 100-5 என்ற எண்ணிலேயே இருந்தது, 2001-ல் எஃப்.எம். 3-0 ஆனது. விசாரணைக்கான எஃப்.எம். 34-52, 2006-ல் எஃப்.எம். 2-22.3 ஆனது. எனவே உங்களிடம் இருக்கும் எண் மூன்று இலக்கத்தில் தொடங்கினாலோ, 21, 34 மாதிரி இரண்டு இலக்கத்தில் தொடங்கினாலோ, அது பழையது என்று உடனே சந்தேகப்படலாம்.

முதல்முறை வருகிறவர்கள் கோட்பாட்டு நூல் 1-01-ஐ எடுத்து வையுங்கள், 2019-ல் வந்தது. கோட்பாடு என்றால் என்ன, நூல்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று அவர்களே தங்கள் ஆட்களுக்கு விளக்கும் அரிச்சுவடி அது.

4. அதிகாரபூர்வத் தளத்தில் தொடங்குங்கள்

ராணுவத்தின் வெளியீடுகளைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பின் பெயர் ஆர்மி பப்ளிஷிங் டைரக்டரேட். அந்தப் பெயரில் தேடினால் தளம் வரும். முகவரி "ஆர்மி டாட் மில்" என்று முடிகிறதா என்று பாருங்கள். உள்ளே வெளியீடுகள் என்ற பகுதியில் கோட்பாடும் பயிற்சியும் என்ற பிரிவுக்குப் போனால் வகைவாரியாகப் பட்டியல் இருக்கும்.

பட்டியலில் நூல் எண்ணைச் சொடுக்கியதும் பிடிஎஃப் நேராகத் திறக்காது, அந்த நூலுக்கான தகவல் பக்கம் முதலில் வரும். அவசரக்காரர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டி இறக்கும் பொத்தானுக்குப் போய்விடுகிறார்கள். நில்லுங்கள். தேதி, தலைப்பு, நடப்பில் இருக்கிறதா, எந்தப் பழைய நூலுக்குப் பதிலாக வந்தது, எந்த அலுவலகம் பொறுப்பு, விநியோகம் யாருக்கு, எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருக்கிறது. உங்கள் ஏழு பத்திகளில் முக்கால்வாசி இங்கேயே நிரம்பிவிடும். முதலில் எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் இறக்குங்கள்.

சில நாடுகளிலிருந்து இந்த ராணுவத் தளங்கள் சில நேரம் திறக்காமல் போகும், அல்லது சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்காக நூலே தடைசெய்யப்பட்டது என்று நினைக்க வேண்டாம். வேறு நேரத்தில், வேறு இணைப்பில் முயன்று பாருங்கள். பட்டியலில் அடையாள அட்டை வேண்டும் என்று குறித்திருக்கும் நூல்கள் வேறு விஷயம், அவை ராணுவத்தினருக்கான மின்னணு அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும். அதைப் பற்றி 9-ஆவது படியில் சொல்கிறேன்.

இறங்கிய கோப்பின் பெயரை மாற்றி வையுங்கள். தளத்திலிருந்து வரும் பெயர் பெரும்பாலும் ஏதோ ஒரு வரிசை எண்ணோடு இருக்கும், மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எதுவென்றே தெரியாது. நூல் எண், வருடம், மாதம் என்ற வரிசையில் பெயர் வைத்தால் ஒரே நூலின் பதிப்புகள் கால வரிசையில் தானாக அடுக்கிக்கொள்ளும்.

5. அட்டையையும் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள்

அதிகாரபூர்வத் தளத்திலிருந்து எடுத்திருந்தாலும் இதைச் செய்யுங்கள், வேறு எங்கிருந்தாவது எடுத்திருந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

முன்னட்டையில் நூல் எண், தலைப்பு, மாதம், வருடம் இருக்கும். அட்டையிலோ அடுத்த பக்கத்திலோ விநியோகக் கட்டுப்பாடு என்று ஒரு வரி இருக்கும். அதில் பொது வெளியீட்டுக்கு அனுமதிக்கப்பட்டது, விநியோகத்துக்கு வரம்பில்லை என்ற பொருளில் எழுதியிருந்தால் அதுதான் முதல் வகைக் குறிப்பு. தாராளமாகப் படிக்கலாம், பகிரலாம். அரசு அலுவலகங்களுக்கு மட்டும், ஒப்பந்ததாரர்களுக்கும் சேர்த்து, பாதுகாப்புத் துறைக்கு மட்டும் என்று மற்ற வகைகள் போகும். இந்த வகைகளுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர். அகரவரிசையில் முதல் எழுத்து திறந்தது, அடுத்த ஐந்தும் ஏதோ ஒரு விதத்தில் பூட்டியவை என்று நினைவில் வைத்தால் போதும்.

கட்டுப்பாடு உள்ள நூல்களின் அட்டையில் இன்னொரு வரி கண்ணில் படும்: உள்ளடக்கம் வெளிப்படாதபடியும் மறுபடி ஒட்டிச் சேர்க்க முடியாதபடியும் அழிக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல். சிலவற்றில் ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தைக் குறிப்பிட்டு எச்சரிக்கை இருக்கும். இந்த வரிகள் உள்ள ஒரு பிடிஎஃப் ஏதோ ஒரு கோப்புக் கிடங்கில் கிடைத்தது என்பதால் அது திறந்த நூல் ஆகிவிடாது. அங்கேயே மூடிவிடுங்கள், பகிர வேண்டாம். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு நண்பர் இப்படி ஒன்றை நல்ல எண்ணத்தில் குழுவில் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொருவரிடமும் அழிக்கச் சொல்லி மன்றாட வேண்டியதாயிற்று.

கடைசிப் பக்கங்களில் ராணுவத் துறைச் செயலரின் ஆணைப்படி என்று தொடங்கி, தலைமைத் தளபதியின் பெயரோடு ஒரு சான்றளிப்புப் பக்கம் இருக்கும். பிரதியெடுத்து விற்கும் பதிப்பகங்கள் பலமுறை இந்தப் பக்கத்தையும் அட்டையையும் நீக்கிவிட்டுத் தங்கள் அட்டையைப் போடுகின்றன. அப்படிப்பட்ட பிரதியில் எந்தப் பதிப்பு என்றே கண்டுபிடிக்க முடியாது. சான்றளிப்புப் பக்கம் இல்லாத பிரதியிலிருந்து மேற்கோள் எடுக்காதீர்கள்.

இடையில் வந்த திருத்தத்தையும் பாருங்கள். எஃப்.எம். 3-0 2017 அக்டோபரில் வெளியானது, அதே டிசம்பரில் முதல் திருத்தம் வந்துவிட்டது. திருத்தம் சேர்ந்த பிரதியா, சேராத பிரதியா என்று அட்டைக்கு அடுத்த பக்கங்களில் தெரியும்.

6. நூலின் வம்சாவளியைக் கண்டுபிடியுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு நூல் மாறும்போது எண் மாறலாம், வகை மாறலாம், தலைப்பு மாறலாம், அல்லது எதுவுமே மாறாமல் உள்ளே எல்லாம் மாறலாம். வரைபடம் படிப்பதற்கான நூலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எஃப்.எம். 21-26, பிறகு எஃப்.எம். 3-25.26, 2013-ல் டி.சி. 3-25.26. கடைசி மாற்றத்தில் எண் அப்படியே இருக்கிறது, களக் கையேடு பயிற்சிச் சுற்றறிக்கையாகிவிட்டது. களக் கையேடுகளின் பட்டியலில் மட்டும் தேடியவர் அது காணாமல் போய்விட்டது, மறைத்துவிட்டார்கள் என்று எழுதினார். பக்கத்துப் பட்டியலில் இருந்தது.

முதலுதவி நூலும் அப்படித்தான். எஃப்.எம். 21-11, பிறகு 2002-ல் எஃப்.எம். 4-25.11, 2016-ல் டி.சி. 4-02.1. இங்கே பதிப்பு மாறியதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது. 1988-ன் எஃப்.எம். 21-11 பதிப்பில் ரத்தப்போக்கை நிறுத்தக் கை, கால்களில் இறுக்கிக் கட்டும் பட்டை கடைசி வழி. அழுத்திப் பிடித்தும், உயர்த்தி வைத்தும் நிற்காதபோதுதான் கட்ட வேண்டும். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் பிறகு ராணுவ மருத்துவம் அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது, கை கால்களில் உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு என்றால் தாமதிக்காமல் கட்டச் சொல்கிறது. பழைய ஸ்கேன் பிரதியை வைத்து யாராவது மொழிபெயர்த்துப் பரப்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தலைப்பு மாறியதற்கு எஃப்.எம். 3-24. 2006 டிசம்பரில் "கிளர்ச்சி எதிர்ப்பு" என்ற பொருளில் தலைப்பு, 2014 மே மாதத்தில் "கிளர்ச்சிகளும் கிளர்ச்சிகளை எதிர்கொள்ளலும்" என்ற பொருளில். ஒரே எண், ஆனால் புதிதாக எழுதப்பட்ட நூல். அதிகம் பேசப்பட்டது 2006 பதிப்பு என்பதால் இணையத்தில் அதுதான் முதலில் வரும், பலரும் அதையே நடப்பு நூல் என்று எடுத்துவிடுகிறார்கள். எஃப்.எம். 3-0 இன்னும் மோசம்: 2001, 2008, 2017, 2022, 2025 என்று ஒரே எண்ணில் ஐந்து நூல்கள். வருடம் போடாமல் "எஃப்.எம். 3-0 சொல்கிறது" என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்கு மதிப்பே இல்லை.

சில நூல்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு எண் இருக்கும். ராணுவமும் கடற்படைக் காலாட்படையும் சேர்ந்து வெளியிட்டால் இரண்டு அமைப்பின் எண்ணும் அட்டையில் இருக்கும். நிலப்போர்ச் சட்டத்துக்கான எஃப்.எம். 6-27 அப்படிப்பட்டது. 1956-லிருந்து நடப்பில் இருந்த எஃப்.எம். 27-10-க்குப் பதிலாக 2019-ல் வந்தது.

வம்சாவளியைப் பிடிக்கும் வழி இதுதான். முன்னட்டையில் அல்லது முதல் பக்கத்தின் அடியில் "இந்த வெளியீடு இன்ன தேதியிட்ட இன்ன நூலுக்குப் பதிலாக வருகிறது" என்ற குறிப்பு இருக்கும். அதை எழுதிக்கொண்டு, அந்தப் பழைய நூலை எடுத்து, அதன் அடிக்குறிப்பைப் பார்த்து, இப்படியே பின்னோக்கிப் போங்கள். முன்னோக்கிப் போக வேண்டுமானால் அதிகாரபூர்வத் தளத்தின் தகவல் பக்கம்தான் வழி. எண்ணில் தேடிக் கிடைக்காவிட்டால் தலைப்பின் முக்கியச் சொல்லை மட்டும் போட்டுத் தேடுங்கள்.

7. பழைய பதிப்புகள் கிடைக்கும் இடங்கள்

கான்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் லெவன்வொர்த் என்ற ராணுவத் தளத்தில் இருக்கும் கம்பைன்ட் ஆர்ம்ஸ் ரிசர்ச் லைப்ரரியின் மின்னூலகத்தை முதலில் பாருங்கள். வழக்கொழிந்த கையேடுகளுக்கென்றே அங்கே தனித் தொகுப்பு உண்டு. அடுத்தது இன்டர்நெட் ஆர்க்கைவ், அதற்கடுத்தது ஹாத்தி டிரஸ்ட், இரண்டும் இணைய மின்னூலகங்கள். அமெரிக்காவில் இருப்பவர்களானால் அரசு வெளியீடுகளைச் சேமித்து வைக்கும் நூலகங்களில் அச்சுப் பிரதியே கிடைக்கும், நூலகரிடம் எண்ணையும் வருடத்தையும் சொன்னால் எடுத்துத்தருவார்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், அதனால் பக்கத்தில் போட்டிருக்கும் வருடத்தை நம்பாமல் உள்ளே அட்டையைப் பார்த்து எழுதுங்கள். ஸ்கேன் பிரதிகளில் பக்கங்கள் விடுபட்டிருப்பதும் சகஜம். பொருளடக்கத்தில் உள்ள கடைசிப் பின்னிணைப்பு வரை இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

8. உள்ளே எதை முதலில் படிப்பது

முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்காதீர்கள். முன்னுரை, அறிமுகம், சொற்பட்டியல், அதன் பிறகு உங்களுக்கு வேண்டிய அத்தியாயம்.

முன்னுரையில் யாருக்காக எழுதப்பட்டது என்று இருக்கும். அறிமுகத்தில் முந்தைய பதிப்பிலிருந்து என்ன மாறியது என்று பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இரண்டு நூலையும் வரிவரியாக ஒப்பிடும் வேலை மிச்சம். சொற்பட்டியலில் சில சொற்களுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும். அந்தச் சொல்லின் வரையறைக்கு இந்த நூல்தான் பொறுப்பு என்று அர்த்தம். குறி இல்லாத சொல் வேறு நூலிலிருந்து கடன் வாங்கியது, அதன் வரையறையை மூல நூலிலேயே போய்ப் பார்ப்பது நல்லது. சாதாரண ஆங்கிலச் சொல் மாதிரி தெரிவது இங்கே குறிப்பிட்ட பொருளில் வரும் என்பதால், தமிழில் மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியைத் திறக்கும் முன் இந்தப் பட்டியலைத் திறக்க வேண்டும்.

மேற்கோள் காட்டும்போது பத்தி எண்ணைப் போடுங்கள். இந்த நூல்களில் ஒவ்வொரு பத்திக்கும் அத்தியாயம், சிறுகோடு, வரிசை என்று எண் உண்டு. பக்க எண்ணும் அதே வடிவில்தான் இருக்கும். ஆகவே 1-5 என்று மட்டும் எழுதினால் முதல் அத்தியாயத்தின் ஐந்தாம் பக்கமா, ஐந்தாம் பத்தியா என்று படிக்கிறவருக்குத் தெரியாது. "எஃப்.எம். 3-24, மே 2014, பத்தி 1-5" என்று எழுதினால் எந்தப் பிரதியை வைத்திருப்பவரும் நொடியில் போய்ச் சேர்வார். மறுஅச்சுகளில் பக்கம் மாறும், பத்தி எண் மாறாது.

9. பூட்டியிருக்கும் நூல் தேவைப்பட்டால்

முதலில், அது உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். அதே விஷயம் மேல்நிலைக் கோட்பாட்டு நூலில் திறந்த வடிவில் இருக்கலாம், அல்லது முந்தைய பதிப்பு திறந்ததாக இருந்திருக்கலாம்.

இல்லையென்றால் அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. 1966-ல் இயற்றப்பட்டது. விண்ணப்பிக்க அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. ராணுவத்துக்கான தகவல் சுதந்திர அலுவலகத்துக்கு எழுத வேண்டும், நூல் எண், தேதி, தலைப்பு மூன்றையும் சரியாகக் கொடுக்க வேண்டும். "எல்லாப் பயிற்சி நூல்களும்" என்று கேட்டால் போதுமான விவரம் இல்லை என்று திரும்பி வரும். முதல் ஆறு படிகளை ஒழுங்காகச் செய்தவருக்கு இந்த விவரமெல்லாம் ஏற்கனவே கையில் இருக்கும்.

சட்டப்படி 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும், நடைமுறையில் நிறைய இழுக்கும். முழு நூலையும் தர முடியாவிட்டாலும், பிரித்துத் தரக்கூடிய பகுதிகளைத் தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை உங்கள் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். எவ்வளவு கட்டணம் வரை கொடுக்கத் தயார் என்றும் ஒரு வரி எழுதுங்கள், இல்லாவிட்டால் அதற்கே ஒரு கடிதப் போக்குவரத்து நடக்கும். மறுத்தால் மேல்முறையீடு செய்யக் குறைந்தது 90 நாள் அவகாசம் உண்டு. மறுப்புக் கடிதத்தில் எந்த விலக்கை, அதாவது மறுக்கச் சட்டம் அனுமதிக்கும் எந்தக் காரணத்தை, சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

விசாரணைக் கையேடான எஃப்.எம். 2-22.3 மட்டும் இதில் தனி. அது பொதுமக்களுக்குக் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், திருத்தினால் நடைமுறைக்கு வருவதற்கு 30 நாள் முன்பே வெளியிட வேண்டும் என்று 2015-ல் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். கைதிகளை எப்படி நடத்துகிறார்கள் என்பதை வெளியில் இருப்பவர்கள் படித்துக் கேள்வி கேட்க முடிய வேண்டும் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. விண்ணப்பம் எதுவும் போடாமல் நேராக எடுத்துப் படியுங்கள்.

10. பகிர்வதும் மொழிபெயர்ப்பதும்

அமெரிக்க அரசு ஊழியர்கள் தங்கள் பணியின் பகுதியாக எழுதியவற்றுக்கு அந்த நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை கிடையாது. அதனால்தான் தனியார் பதிப்பகங்கள் இவற்றை அச்சடித்து விற்க முடிகிறது. ஆனால் நூலுக்குள் வெளியாரின் படமோ மேற்கோளோ அனுமதி வாங்கிச் சேர்க்கப்பட்டிருக்கலாம், அவற்றுக்கு உரிமை அவர்களுடையது. முன்பக்கங்களிலும் மூலக்குறிப்புகளிலும் அதைச் சொல்லியிருப்பார்கள், மொழிபெயர்த்து வெளியிடும் முன் தேடிப்பாருங்கள்.

மொழிபெயர்ப்பின் முதல் பக்கத்தில் நூல் எண், மூலத்தின் தேதி, நீங்கள் பார்த்தபோது நடப்பில் இருந்ததா ரத்தானதா, எந்த நாளில் பார்த்தீர்கள், இந்த நான்கையும் போட்டுவிடுங்கள். ராணுவ முத்திரையை அட்டையில் போட வேண்டாம், அதிகாரபூர்வத் தமிழ்ப் பதிப்பு என்று யாராவது நினைத்துவிடுவார்கள்.